எட்டாம் தேதியின் ஏழு நிமிடம்

கார் நகரவில்லை.
இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.
ஏழாம் தேதி மாலை ஆறரைக்கு
வைசியாள் வீதி வடக்கு ஓரத்தில்,
சாக்கடை மூடிக்கு ஒரு சாண் தள்ளி
கோமளவல்லி விட்டுப் போன இடத்திலேயே
நின்றது வெள்ளை சான்ட்ரோ.
ஒற்றைப்படைத் தேதியில் வடக்கு,
இரட்டைப்படையில் தெற்கு.
ஆறரைக்கு அது சட்டப்படி நின்ற கார்.

பிறகு தேதி நகர்ந்தது.

நான் வந்தது ஒன்பதாம் தேதி காலை,
டேப், சாக்பீஸ், படிவம் மூன்று நகல்.
அதற்குள் கார் மறுபடி சரியான பக்கத்தில் நின்றது,
ஒரு அங்குலம்கூட அசையாமல்.
பின்பக்கம் நசுங்கியது பதினான்கு அங்குலம்.
டயர் தேய்த்த கறுப்புத் தடம் நாலடி.
பார்த்திருக்கிறான், பிரேக் பிடித்திருக்கிறான்,
பார்த்ததுதான் தாமதம்.
தாமதத்தை டேப்பால் அளக்கலாம்.
அதற்குமேல் அளக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பேக்கரி கேமராவில் மோதல் 11:57.
"அது பத்து நிமிஷம் ஸ்லோ சார்,
போன வாரம் கரண்ட் போனதுலேர்ந்து"
என்றான் கடைப்பையன், பன்னை அறுத்தபடி.
கூட்டினேன்.
எட்டாம் தேதி பிறந்து ஏழு நிமிடம்.
அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்
என் அறிக்கை ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

பலகையைப் போய்ப் பார்த்தேன்.
'ஒற்றைப்படை' இருக்க வேண்டிய இடத்தில்
கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி.
யாரோ ஒரு தணிகாசலம்,
கூலிங் கிளாஸில் சிரித்துக்கொண்டிருந்தார்.
அவர் காலடியில் மிச்சமிருந்தது
'நாட்களில் மட்டும்'.
அவருக்கும் ஐந்து சதவீதம் எழுதலாம்.
படிவத்தில் இறந்தவருக்குக் கட்டம் இல்லை.

எதிர் மாடியிலிருந்து ஒருவர் தீர்ப்பு சொன்னார்:
"நிக்கிற காரை இடிச்சா அப்புறம் என்ன பேச்சு?"
பக்கத்து மாடி:
"நிக்கக் கூடாத பக்கம் நின்னா?"
விசாரித்ததில், சம்பவத்தின்போது
இருவருமே தூக்கம்.

பன்னிரண்டுக்கு முன் இறங்கி வந்து
பக்கம் மாற்றி விடுவாளாம் கோமளவல்லி.
"அலாரம்கூட வச்சிருந்தேன்.
தூங்கிட்டேன் சார்."
ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை,
அன்றைக்கு இரட்டை ஷிப்ட்.
அதை நான் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

தேசிங்கு கேட்காமலே சொன்னான்.
கடலூர் முதுநகரில் மீன் ஏற்றி ஐஸ் கொட்டி
குட்டியானையில் வந்திருக்கிறான்.
"கண்ணு ஒரு செகண்ட் சொருகிடுச்சு.
முழிச்சா முன்னால கார்."
உதட்டில் மூன்று தையல்.

சாட்சிகளுடையதைக் கழித்தால்
ஆக இரண்டு தூக்கம்.
ஒன்று கட்டிலில், ஒன்று ஸ்டியரிங்கில்.
கட்டிலுக்கு இருபது, ஸ்டியரிங்குக்கு எண்பது
என்று எழுதினால் மேலாளர் ஒப்புக்கொள்வார்.
நின்றதை இடித்தவன் தலையில்தான் பாரம்,
தப்பான பக்கம் நின்றதென்றால்
கொஞ்சம் இந்தத் தலைக்கும்.
பதினேழு வருடமாக இதே தராசு.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே
கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

"நான் விட்டப்போ சரியாத்தானே சார் விட்டேன்?"
ஆமாம் என்றேன்.
அதை எழுதவில்லை.

தேசிங்கு போகாமல் நின்றான்.
கோணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தான்.
சான்ட்ரோவின் வீல் கப்.
மோதின வேகத்தில் கழன்று
மிஷன் வீதி முனைவரை உருண்டதாம்.
வாயில் ரத்தமும் வண்டியில் ஐஸும் ஒழுக
அந்த ராத்திரியில் அதைத் துரத்தி ஓடியிருக்கிறான்.
மீன் கவிச்சி போக
சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவினானாம்.

அவள் வாங்கி மோந்து பார்த்து
"போகலையே" என்றாள்.

சேதப் பட்டியலில் பதினொன்றாவது வரி:
வீல் கப் ஒன்று, ரூபாய் நானூற்றைம்பது.
அடித்தேன்.
மூன்று நகலிலும்.